உயரத் தூக்கும் யந்திரமும் தலையெழுத்தும்

திருப்பூர் பனியன் கம்பெனிக் கொட்டகைகளுக்கும், புதிதாக எழும்பும் கட்டடங்களுக்கும் ஆளை உயரத் தூக்கி நிறுத்தும் யந்திரங்கள் இப்போது வாடகைக்கு வந்து போகின்றன. கத்தரிபோல் மடிந்து விரிவது சிசர் லிப்ட். துதிக்கைபோல் நீண்டு வளைவது பூம் லிப்ட். மூங்கில் சாரத்தில் தொற்றிக் கொண்டும், சிமெண்ட் ஷீட்டின் மேல் நடந்தும் பிழைத்தவனுக்கு இவை பெரிய அனுகூலமே. யந்திரம் வந்தால் மனிதன் கெட்டான் என்று ஒப்பாரி வைக்கும் கூட்டத்தார் அல்ல நாம்.

ஆனால் யந்திரம் வந்த வேகத்தில் புத்தி வரவில்லை. ஆயுத பூஜையன்று அதற்குச் சந்தனம், குங்குமம், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். நடுரோட்டில் பூசணிக்காயும் உடைக்கிறார்கள். (அதில் வழுக்கி விழுகிறவன் கதை வேறு.) கூடையில் நிற்பவனுக்குப் பெல்ட் எங்கே என்றால் பதில் இல்லை. அவன் விழுந்துவிட்டாலோ, “விதி முடிந்தது” என்று ஒரே வார்த்தையில் கணக்கை முடித்து விடுகிறார்கள்.

விதி என்பவர்களுக்கு ஒரு சங்கதி. 2023 ஜனவரி 22-ந் தேதி இரவு, அரக்கோணத்தை அடுத்த கீழ்வீதி கிராமத்தில் மண்டியம்மன் கோயில் திருவிழா. சாமிக்கு மாலை போடப் பக்தர்களைக் கிரேனில் ஏற்றினார்கள். கிரேன் கவிழ்ந்து 4 பேர் மாண்டார்கள். அம்மன் எதிரிலேயேதான் இருந்தது! இறந்தவர்களை நாம் பழிக்கவில்லை. பாரம் தூக்கும் கிரேன் ஆளைத் தொங்கவிடுவதற்காகச் செய்யப்பட்டதல்ல என்பதையும், பாரம் தாங்குமிடத்தை விட்டு வெளியே சாய்ந்தால் எதுவும் கவிழும் என்பதையும் சொல்லுகிறோம். முந்தின வருஷம் ஏப்ரல் 27-ல் தஞ்சாவூர்க் களிமேட்டில் தேர் மின்கம்பியில் பட்டு 11 பேர் மாண்டார்களே, அந்தக் கம்பி தேரென்று பார்த்ததா? லிப்ட்டென்றும் பார்க்காது. போர்க்லிப்ட் கொம்பில் பலகை வைத்து, அதில் ஆளை ஏற்றி லைட் மாட்டச் சொல்லுவதும் கீழ்வீதி வேலைதான்.

செய்ய வேண்டியது ரகசிய மந்திரமா? மூடிய சாக்கடையும் புதிதாக நிரப்பின மண்ணும் இல்லாத சமதரையா என்று நடந்து பார்ப்பது. ஆளும் ஆயுதமும் சேர்ந்து எத்தனை கிலோ என்பதை யந்திரத்தில் எழுதியிருக்கும் அளவோடு ஒப்பிடுவது. எட்டவில்லை என்று கம்பி மேல் ஏறாமலிருப்பது. பலமாகக் காற்றடித்தால் இறங்கி விடுவது. பூம் லிப்ட்டில் தோளும் தொடையும் சேர்த்துக் கட்டும் பெல்ட்டைக் கூடையிலுள்ள கொக்கியிலேயே மாட்டவேண்டும். பக்கத்துத் தூணில் கட்டினால், கூடை நகரும்போது ஆளை வெளியே இழுத்துவிடும். பெல்ட் எதற்கென்றால், கீழே சக்கரம் ஒரு சிறு பள்ளத்தில் இறங்கினாலும் மேலே கூடை கவண்போல் ஆளை வீசி எறியும். தினம் காலையில், அவசரத்தில் கீழிருந்தே கூடையை இறக்கும் விசையை இயக்கிப் பார்க்கவேண்டும். கீழே நிற்பவனுக்கு அது தெரிந்திருக்கவும் வேண்டும்.

சட்டத்துக்குக் குறைவில்லை. உயரத்தில் நிற்பவன் விழாதபடி தடுப்பு வேண்டும் என்று தொழிற்சாலைச் சட்டத்திலேயே எழுதினார்கள். 1996-ல் கட்டடத் தொழிலாளருக்கென்று தனிச் சட்டமும் செய்தார்கள். ஆனால் ஆள் விழுந்தவுடன் கம்பெனிக்காரர் காண்ட்ராக்டரைக் காட்டுகிறார். காண்ட்ராக்டர் வாடகைக்காரரைக் காட்டுகிறார். வாடகைக்காரர் விழுந்தவனையே காட்டுகிறார்.

அந்த விழுந்தவன் பெரும்பாலும் யார்? உள்ளூர் ஏழை, அல்லது பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த தோழன். யந்திரத்தில் ஒட்டியிருக்கும் எச்சரிக்கையோ இங்கிலீஷில். அவன் பாஷையில் சொல்லி, கையால் செய்து காட்ட ஒரு மணி நேரம் செலவிட எத்தனை முதலாளிகள் தயார்? “தரை சரியில்லை, ஏறமாட்டேன்” என்று ஒருவன் இறங்கி நின்றால், அன்றைய கூலியைப் பிடிக்காமலிருக்கத் தயாரா?