புதிய டயருக்குள் பழைய சென்சார்!

காருக்குப் புதிய டயர் போடப் போகிறவர்களிடம் கடைக்காரர் இப்போது ஒரு கேள்வி கேட்கிறார்.

"சக்கரத்துக்குள் இருக்கும் சென்சாரையும் சரி பார்த்துவிடலாமா? அதற்குத் தனியாகப் பணம் ஆகும்."

இது தேவைதானா? அல்லது பில்லைப் பெரிதாக்க ஒரு வழியா?

அமெரிக்காவில் கார் வைத்திருப்பவர்கள் பல ஆண்டுகளாக இந்தக் கேள்விக்கு விடை தேடி வருகிறார்கள். சென்சார் பொருத்திய கார்கள் இந்தியாவிலும் ஓடுவதால், இங்கேயும் அந்தக் கேள்வி வந்துவிட்டது.

விடையைத் தெரிந்துகொள்வதற்கு முன், அந்தச் சென்சார் எப்படி வந்தது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

271 உயிர்கள்

1990-ம் ஆண்டுகளில், "ஃபோர்டு எக்ஸ்புளோரர்" என்ற உயரமான கார் அமெரிக்காவில் ஏராளமாக விற்பனை ஆயிற்று. அவற்றில் பெரும்பாலான கார்களில் "ஃபயர்ஸ்டோன்" டயர்கள் பொருத்தப்பட்டிருந்தன.

வேகமாக ஓடும்போது சில டயர்களின் மேல்பட்டை உரிந்தது. கார்கள் குடை சாய்ந்தன. குடும்பத்தோடு போனவர்கள் சாலையிலேயே மாண்டார்கள்.

2000-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம், 65 லட்சம் டயர்களைத் திரும்ப வாங்கிக்கொள்வதாக டயர் கம்பெனி அறிவித்தது. இந்த டயர்கள் சம்பந்தப்பட்ட விபத்துகளில் 271 பேர் இறந்ததாக அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு இலாகா கணக்கிட்டது.

கார் கம்பெனி டயரைக் குறை சொன்னது. டயர் கம்பெனி காரைக் குறை சொன்னது. அந்தச் சண்டையில், காற்று பற்றிய பேச்சும் எழுந்தது. டயரில் 26 பவுண்டு காற்று போதும் என்று கார் கம்பெனி சொல்லியிருந்தது. 30 பவுண்டு வேண்டும் என்றது டயர் கம்பெனி.

காற்று குறைந்தால் என்ன ஆகும்?

டயரின் பக்கங்கள் மடங்கி மடங்கி நிமிரும். அதனால் சூடு ஏறும். பாரமும் வேகமும் வெயிலும் சேர்ந்தால், உள்ளே இருக்கும் கம்பி அடுக்கும் ரப்பரும் பிரிந்துவிடும். வெளியே பார்க்கிற கண்ணுக்கு எதுவும் தெரியாது.

அதே ஆண்டு நவம்பர் மாதம் ஒரு புதிய சட்டம் வந்தது. ஜனாதிபதி கிளின்டன் அதில் கையெழுத்திட்டார். டயரில் காற்று குறைந்தால், அதைக் காரே எச்சரிக்க வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் ஒரு பகுதி. 2007-ம் ஆண்டு செப்டம்பர் முதல், அமெரிக்காவில் விற்பனைக்குத் தயாராகும் எல்லாப் புதிய கார்களுக்கும் இது கட்டாயம் ஆயிற்று. ஐரோப்பாவில் 2014-ம் ஆண்டு நவம்பர் முதல் எல்லாப் புதிய கார்களுக்கும் கட்டாயம் ஆயிற்று.

உள்ளே இருப்பது என்ன?

காற்று அடிக்கும் வால்வின் அடியில், சக்கரத்துக்கு உள்பக்கம், ஒரு சின்னக் கருவி இருக்கிறது. அதுதான் சென்சார். அது காற்றை அளக்கிறது. அளவை வானொலி அலை மூலம் காருக்குச் சொல்கிறது. காற்று மிகவும் குறைந்தால் ஓட்டுகிறவருக்கு எதிரே மஞ்சள் விளக்கு எரிகிறது.

அந்தக் கருவிக்கு ஒரு சிறு பேட்டரி உண்டு. அது ஏறக்குறைய 5 முதல் 10 ஆண்டு வரை உழைக்கும். பேட்டரி உள்ளேயே அடைக்கப்பட்டிருப்பதால், அதை மட்டும் மாற்ற முடியாது. தீர்ந்தால் சென்சார் முழுவதையும் மாற்ற வேண்டியதுதான்.

எல்லாக் கார்களிலும் இந்தக் கருவி கிடையாது. சில கார்கள் சக்கரம் சுற்றும் வேகத்தை வைத்தே காற்றுக் குறைவைக் கண்டுபிடிக்கின்றன. காற்று குறைந்த சக்கரம் சற்றுச் சிறுத்துவிடும். ஆகவே மற்றவற்றைவிட வேகமாகச் சுற்றும். இந்த வகைக் காரின் டயருக்குள் சரி பார்க்க எதுவுமே இல்லை. அதற்குச் "சென்சார் சர்வீஸ்" என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை.

ஆகவே, கார் எந்த வகை என்பதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கட்டாயம் மாற்ற வேண்டியவை

உலோக வால்வு உள்ள சென்சாரில் நான்கு சில்லறைச் சாமான்கள் உண்டு. ரப்பர் வளையம், நட்டு, வால்வுக்குள் இருக்கும் ஊசி, மேல் மூடி. டயர் மாற்றும் ஒவ்வொரு தடவையும் இவற்றைப் புதிதாகப் போட வேண்டும்.

காரணம் என்ன? ரப்பர் வளையம் பல ஆண்டு அழுந்தியே கிடந்திருக்கிறது. ஒரு முறை தளர்த்தினால், மறுபடி பழையபடி இறுகிப் பிடிக்காது. காற்று கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும்.

ஊசியிலும் கவனம் தேவை. அலுமினிய வால்வுக்குள் சாதாரணப் பித்தளை ஊசியைப் போடக் கூடாது. ஈரம் பட்டால் இரண்டு உலோகமும் அரித்து ஒட்டிக்கொள்ளும். பிறகு கழற்றப் போனால் வால்வே ஒடிந்துவிடும். நிக்கல் பூசிய ஊசிதான் ஏற்றது.

ரப்பர் வால்வு உள்ள சென்சாராக இருந்தால், ரப்பர் வால்வை மாற்றிவிட்டுச் சென்சாரைத் திரும்பப் பொருத்தலாம்.

இந்தச் சாமான்களின் விலை, ஒரு புதிய சென்சாரின் விலையில் ஒரு சிறு பகுதிதான். இதில் மிச்சம் பிடிப்பது புத்திசாலித்தனம் அல்ல.

சென்சாரை மாற்றுவது எப்போது?

இங்கேதான் யோசிக்க வேண்டும். கார் வாங்கி 3 ஆண்டுதான் ஆகிறது, சென்சார் நன்றாக வேலை செய்கிறது என்றால், அதை மாற்றத் தேவை இல்லை.

கார் வாங்கி 8 ஆண்டு ஆகிவிட்டதா? புதிய டயர் இன்னும் நான்கைந்து ஆண்டு ஓடும். பழைய பேட்டரி அதுவரை தாங்குவது சந்தேகம். நடுவில் அது தீர்ந்தால், டயரை மறுபடி கழற்ற வேண்டும். கூலி மறுபடி, பாலன்சிங் மறுபடி. அதைவிட, டயர் கழன்றிருக்கும்போதே சென்சாரை மாற்றிக்கொள்வது லாபம்.

கையில் பிடித்துச் சென்சாரைச் சோதிக்கும் கருவி டயர் கடைகளில் உண்டு. டயரைக் கழற்றுவதற்கு முன்பே நான்கு சென்சாரையும் சோதித்துக் காட்டச் சொல்ல வேண்டும். "கடையில் உடைந்ததா, முன்பே கெட்டதா?" என்ற தகராறு அப்போது வராது.

அமெரிக்காவில் இதற்குச் சட்டமே இருக்கிறது. வேலை செய்யும் எச்சரிக்கைக் கருவியைத் தெரிந்தே செயல் இழக்கச் செய்வது கடைக்காரருக்குக் குற்றம். வரும்போதே கெட்டிருந்த சென்சாரை எடுத்துவிட்டுச் சாதாரண வால்வு போட்டால் அது குற்றம் ஆகாது என்று, 2011-ம் ஆண்டு பாதுகாப்பு இலாகா விளக்கம் கொடுத்தது. ஆகவே முன்கூட்டிச் சோதிப்பது இரு தரப்புக்கும் நல்லது.

ஸ்டெப்னி இல்லாத கார்

இந்தியாவில் 2020-ம் ஆண்டு மத்திய அரசாங்கம் விதியைத் திருத்தியது. மூன்றரை டன் வரை உள்ள பயணிகள் காரில், காற்றைக் கண்காணிக்கும் ஏற்பாடும் பஞ்சர் ஒட்டும் சாமானும் இருந்தால், ஸ்டெப்னி வைக்க வேண்டியதில்லை என்பது புதிய விதி.

அப்படிப்பட்ட காரில் சென்சார் செத்துக் கிடந்தால் என்ன ஆகும்? எச்சரிக்கையும் இல்லை, மாற்றுச் சக்கரமும் இல்லை. இரவில், குழந்தை குட்டிகளோடு நெடுஞ்சாலையில் நிற்க வேண்டி வரலாம்.

விளக்கை மட்டும் நம்பலாமா?

கூடாது. அமெரிக்க விதிப்படி, காற்று 25 சதவிகிதம் குறைந்த பிறகு விளக்கு எரிந்தால் போதும். அதாவது, 32 பவுண்டு இருக்க வேண்டிய டயர் 24 பவுண்டுக்கு இறங்கும் வரை விளக்கு சும்மா இருக்கலாம்.

ஆகவே, மாதம் ஒரு முறையாவது, வண்டி ஓடாமல் டயர் ஆறியிருக்கும்போது காற்றை அளந்து பார்க்க வேண்டும். எவ்வளவு காற்று என்பது காரில் ஒட்டியுள்ள சீட்டில் இருக்கும். பெரும்பாலும் ஓட்டுகிறவர் பக்கத்துக் கதவு ஓரத்தில் அதைப் பார்க்கலாம். டயரின் மேல் அச்சிட்டிருப்பது அந்த டயருக்கு உரிய உச்ச அளவு. அதுவரை காற்று அடிக்கக் கூடாது.

விளக்கு நிலையாக எரிந்தால் காற்று குறைவு. அமெரிக்க விதிப்படி அமைந்த கார்களில், வண்டியைக் கிளப்பியதும் ஒரு நிமிடம் போல மினுக்கிவிட்டுப் பிறகு நிலைத்து எரிந்தால், கோளாறு எச்சரிக்கை ஏற்பாட்டில் இருக்கிறது என்று அர்த்தம். "சும்மா எரிகிறது" என்று விட்டுவிடக் கூடாது.

டயர் கடையில் கேட்க வேண்டியவை மூன்றுதான். சக்கரத்துக்குள் சென்சார் உண்டா? இப்போது வேலை செய்கிறதா? வயது என்ன? இந்த மூன்றுக்கும் விடை தெரிந்துவிட்டால், எதற்குப் பணம் கொடுக்கலாம், எதற்குக் கொடுக்க வேண்டாம் என்பதை வீட்டுக்காரரே முடிவு செய்துவிடலாம்.