பள்ளியும் ஊரும்

தொடக்கப் பள்ளி ஊராரின் பொதுச்செல்வம். ஆயினும், அதனுள் நிகழ்வனவற்றை ஊரார் பலர் அறியார். விழா நாளில் மட்டும் சென்று மீள்வர். இந்நிலை மாறுதல் வேண்டும்.

காமராசர் முதலமைச்சராய் விளங்கிய காலத்தில், 1956-இல் மதிய உணவுத் திட்டம் தொடங்கிற்று. 1958 முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் பல நடைபெற்றன. பள்ளிகளின் தேவைகள் ஆங்கு வெளிப்படையாக எடுத்துரைக்கப்பட்டன. மக்கள் பொருளை மனமுவந்து ஈந்தனர். குறை தெரிந்தமையாலன்றோ கொடை பிறந்தது?

இன்றும் அவ்வழி அடைபடவில்லை. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு இடத்தைப் பெற்றோர்க்கு அளிக்கின்றது. பள்ளியின் செய்தியை அறியாதார்க்கு அவ்விடத்தால் பயன் யாது?

ஆதலின், வெள்ளிக்கிழமைதோறும் பள்ளி வாயிலில் ஒரு கரும்பலகையில் அவ்வாரச் செய்திகளை எழுதி வைத்தல் நன்று. வந்த பிள்ளைகள் எத்துணையர், தோட்டத்தில் விளைந்தது யாது, ஒழுகும் கூரை எது, பழுதுற்ற குழாய் எது என்பன அதில் இடம் பெறுக. குறையை எழுதினால் பள்ளிக்கு இழுக்கு என்பர் சிலர். மூடி வைத்த புண் ஆறுமோ? எனினும், வாராத பிள்ளையின் பெயரைப் பலகையில் எழுதலாகாது. அப்பிள்ளையின் இல்லத்திற்கு ஆசிரியர் செல்வதே முறை.

மாணவர்களே! நீவிர் பயின்ற தொடக்கப் பள்ளியை மறவாதீர். அப்பலகையை எழுதும் பணியை ஏற்பீராக. எழுத்தறியா முதியோர்க்கு அதனைப் படித்துக் காட்டுவீராக.