பேரனின் மானிட்டரும் என் மூன்று கேள்விகளும்

போன மாதம் எங்கள் வீட்டில் ஒரு சின்னச் சண்டை. காரணம், கணினிக்கு வாங்கும் மானிட்டர்.

கல்லூரியில் படிக்கும் என் பேரன் டியூஷன் எடுத்துக் கொஞ்சம் பணம் சேர்த்திருந்தான். மீதிக்குத் தவணை போட்டு 240 ஹெர்ட்ஸ் கேமிங் மானிட்டர் வாங்கப் போகிறேன் என்றான். "இருக்கிறதே நல்லாத்தானேடா தெரியுது?" என்றேன். "நான் சுடுறதுக்குள்ள எதிராளி சுட்டுடறான் தாத்தா. திரை லேட்டா காட்டுது" என்றான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று சொல்லிச் சிரித்துவிட்டேன். அவன் முகம் வாடிவிட்டது. இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

முப்பது வருடத்துக்கு மேல் கோப்பு பார்த்தவன் நான். மனுவைப் படிக்காமலே "பரிசீலிக்க இயலாது" என்று எழுதுகிற அதிகாரிகளைக் கண்டால் எனக்கு ஆகாது. வீட்டில் நானே அதைச் செய்துவிட்டேனே என்று உறுத்தியது. மூன்றாம் நாள் அவனை உட்கார வைத்து விளக்கச் சொன்னேன். புரிந்துகொண்டதை நம் ஆபீஸ் பாஷையில் சொல்கிறேன்.

ஹெர்ட்ஸ் என்பது திரை ஒரு விநாடியில் எத்தனை முறை புதுப் படம் போடுகிறது என்ற கணக்கு. பியூன் ஒரு நாளைக்கு எத்தனை தடவை தபால் எடுக்க வருகிறார் என்பது போல. 60 ஹெர்ட்ஸ் என்றால் சுமார் 16.7 மில்லி செகண்டுக்கு ஒரு படம். 144 என்றால் ஏறக்குறைய 7. 240 என்றால் 4.2.

ரெஸ்பான்ஸ் டைம் என்பது வேறு. திரையில் ஒரு புள்ளி நிறம் மாற எடுக்கும் நேரம் அது. மை காய்வதற்குள் கோப்பை மூடினால் எதிர்ப்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும் அல்லவா? அது போல, நிறம் மாறத் தாமதமானால் ஓடும் உருவத்தின் பின்னால் நிழல் இழுபடும். பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் "1 மில்லி செகண்ட்" என்று போடுவது பெரும்பாலும் இதைத்தான்.

இன்புட் லேக் மூன்றாவது. மவுஸை அழுத்தியதிலிருந்து அது திரையில் தெரியும் வரை ஆகும் நேரம். மனு கொடுத்த நாளிலிருந்து ஆணை கைக்கு வரும் நாள் வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். மனுதாரருக்கு வேண்டியது இந்தக் கணக்குதான். ஆனால் பெட்டியில் இதைப் பெரும்பாலும் போடுவதில்லை. கருவி வைத்து அளந்து எழுதுகிறவர்களின் விமர்சனத்தைத் தேடிப் படிக்க வேண்டும். இதிலும் மானிட்டர் ஒரு மேசைதான். மவுஸ், கணினி, விளையாட்டு என்று மற்ற மேசைகளும் அவரவர் பங்குக்கு நேரம் எடுக்கும்.

கேட்டுக்கொண்டிருக்கும்போதே எனக்குப் பழைய ஞாபகம் வந்தது. தொண்ணூறுகளில் எங்கள் பிரிவுக்குக் கணினி வந்தபோது அந்தக் குண்டு மானிட்டர் 60 ஹெர்ட்ஸில் மினுக்கிக்கொண்டே இருக்கும். மாலையானால் தலைவலி. விவரம் தெரிந்த ஒருவர் வந்து 85-க்கு மாற்றிய பிறகு சரியாயிற்று. இன்றைய தட்டைத் திரை அப்படி மினுக்காது. ஆனாலும் ஹெர்ட்ஸ் என்பது என் பேரன் கண்டுபிடித்த ஆடம்பரம் அல்ல என்று அப்போதுதான் உறைத்தது.

அதனால் வேண்டாம் என்று சொல்வதை விட்டுவிட்டு மூன்று கேள்வி கேட்டேன்.

முதலாவது, உன் கணினி ஒரு விநாடிக்கு எத்தனை படம் தருகிறது? பார்த்துச் சொன்னான், 90 முதல் 110 வரை. குமாஸ்தா எழுதுவது 100 கடிதம் என்றால் பியூன் 240 தடவை வந்து என்ன பயன்?

இரண்டாவது, கூடுதல் பணத்துக்கு என்ன கிடைக்கிறது? 60-லிருந்து 144-க்குப் போனால் ஒரு படத்துக்குப் பத்து மில்லி செகண்ட் அளவுக்கு மிச்சம். 144-லிருந்து 240-க்குப் போனால் மூன்றுகூட இல்லை. போட்டிகளில் பரிசுக்கு ஆடுகிறவனுக்கு அது பெரிதாக இருக்கலாம். இவனுக்கு அல்ல.

மூன்றாவது, கணினி தரும் படங்களின் எண்ணிக்கை ஏறி இறங்கும்போது திரையும் அதற்கேற்ப மாறுமா? ஃப்ரீசிங்க், ஜி-சிங்க் என்று சொல்வது அந்த வசதியைத்தான். அது இல்லாவிட்டால் படம் நடுவில் கிழிந்த மாதிரித் தெரியும்.

முடிவில் நேரு வீதிப் பக்கம் ஒரு கடையில் 24 அங்குல, 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கினோம். அவன் சேமிப்போடு என் பென்ஷனிலிருந்து கொஞ்சம். தவணை இல்லை.

கதை அங்கே முடியவில்லை. சாயங்காலம் ஆடிப் பார்த்துவிட்டு, "பெரிசா வித்தியாசம் தெரியல தாத்தா" என்றான், குரல் இறங்கி. 240-ஐத் தடுத்தது தப்போ என்று எனக்கும் தூக்கம் வரவில்லை. எழுந்து பெட்டியோடு வந்த கையேட்டைப் புரட்டினேன். பல மொழிகளில் இருந்தது. பழக்க தோஷம், பிரெஞ்சுப் பக்கத்துக்குத்தான் கை போயிற்று. சின்ன வயதில் படித்த பிரெஞ்சு இப்படி உதவும் என்று நினைக்கவில்லை. "தோ த ரஃப்ரெஷிஸ்மான்" என்ற இடத்தில், அதைக் கணினியில் நாமே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று போட்டிருந்தது.

காலையில் பார்த்தால், புதுக் கேபிள் பிரிக்காமலே கிடக்கிறது. பழையதையே மாட்டியிருக்கிறான். கணினியும் 60-லேயே ஓடிக்கொண்டிருக்கிறது. ஆணை பிறப்பித்தாகிவிட்டது, அமல்படுத்தவில்லை! புதுக் கேபிளை மாட்டி, செட்டிங்ஸில் டிஸ்ப்ளே, அதற்குள் அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே போய் 144 என்று மாற்றினான். மவுஸை அசைத்ததும் "தாத்தா!" என்று கத்தினான். காடராக்ட் ஆபரேஷன் ஆன என் கண்ணுக்கே அந்த அம்புக்குறி வழுக்கிக்கொண்டு போவது தெரிந்தது.

ஹால் டிவியில் விளையாடும் பேரப்பிள்ளைகள் இருந்தால், புதிதாக எதுவும் வாங்குமுன் டிவியில் "கேம் மோட்" இருக்கிறதா என்று பாருங்கள். டிவி படத்தை மெருகேற்றுவதற்கு எடுக்கும் நேரத்தை அது குறைக்கும். செலவில்லாத வைத்தியம்.

நம் வயதில் "எதுக்குடா இதெல்லாம்" என்று சொல்வது சுலபம். கோப்பைப் படித்துவிட்டுச் சொல்வோம் என்பதுதான் என் கட்சி. பேரன் இன்னமும் தோற்கத்தான் செய்கிறான். ஆனால் இப்போது கூடத்தைக் குறை சொல்வதில்லை.