குளுவாங் வான்தளம்: மறக்கக்கூடாத வரலாறு

மலாய் மொழியில் ‘லாயாங் லாயாங்’ என்றால் பட்டம். தகைவிலான் குருவிக்கும் அதே பெயர்தான். லாயாங் லாயாங் அமைந்துள்ள மாவட்டம் குளுவாங். ‘கெலுவாங்’ எனப்படும் பெரிய பழந்தின்னி வௌவாலின் பெயரிலிருந்து இப்பெயர் வந்ததாகக் கூறுவர். பறப்பனவற்றை நினைவூட்டும் இம்மண்ணில் ஒரு பழைய வான்தளமும் இருக்கிறது. அதன் வரலாற்றை நம் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும் என்பதே என் கருத்து.

இரண்டாம் உலகப் போருக்கு முன்னர், ஜொகூரில் குளுவாங், கஹாங், பத்து பகாட் ஆகிய இடங்களில் பிரிட்டிஷார் வான்தளங்களை அமைத்தனர். நாட்டைக் காப்பதற்கென அமைத்த தளமே பின்னர் எதிரியின் கைக்குப் போனது. 1942 ஜனவரியில் ஜப்பானியப் படை குளுவாங்கைக் கைப்பற்றியது. அதே ஆண்டு பிப்ரவரி 14ஆம் நாள், சுமத்ராவின் பலெம்பாங் நகரைத் தாக்கிய வான்குடைப் படையினர் குளுவாங், கஹாங் தளங்களிலிருந்தே புறப்பட்டனர். மறுநாள் சிங்கப்பூர் வீழ்ந்தது.

அந்த வெற்றிகளின் விலையை நம் தோட்டப்புறக் குடும்பங்களும் கொடுத்தன. மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர்கள் சயாம் - பர்மா இரயில் பாதை வேலைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களுள் பலர் திரும்பி வரவே இல்லை.

போருக்குப் பின்னர் பிரிட்டிஷ் இராணுவத்தின் விமானப் பிரிவு இத்தளத்தைப் பயன்படுத்தியது. இன்று இது மலேசியத் தரைப்படையின் விமானப் பிரிவுக்குத் தளமாக விளங்குகிறது. இங்கிருந்து ஹெலிகாப்டர்கள் பறக்கின்றன. வெளியூர் செல்ல விரும்பும் பயணிகளோ 1974இல் திறக்கப்பட்ட செனாய் விமான நிலையத்திற்குச் செல்கின்றனர்.

“பயணிகள் விமானம் வராத தளத்தால் நமக்கு என்ன பயன்?” எனச் சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆயினும், ஓர் இடத்தின் மதிப்பைப் பயணிகளின் எண்ணிக்கையை மட்டும் கொண்டு அளப்பது சரியன்று. ஒரே ஓடுபாதை காலத்துக்குக் காலம் வெவ்வேறு கொடிகளின் கீழ் வெவ்வேறு பணிகளைச் செய்திருக்கிறது. நம் நாடு கடந்து வந்த பாதையை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடங்கள் சிலவே.

இராணுவ முகாமுக்குள் நாம் நினைத்தபோது சென்று பார்க்க முடியாது. ஆகவே, அதன் கதை முகாமுக்கு வெளியே, முதியவர்களின் நினைவில்தான் வாழ்கிறது. 1942இல் பத்து வயதுச் சிறுவராக இருந்தவர் இன்று தொண்ணூறு வயதைக் கடந்திருப்பார். இனியும் காலம் தாழ்த்தினால் கேட்பதற்கு யாரும் இருக்கமாட்டார்கள்.

மாணவர்களே, உங்கள் பாட்டனார், பாட்டியாரிடம் பேசுங்கள். அவர்கள் அக்காலத்தை நேரில் கண்டிராவிட்டாலும் தம் பெற்றோர் சொல்லக் கேட்டிருப்பார்கள். எந்தத் தோட்டத்தில் வாழ்ந்தார்கள், வானில் விமான ஓசை கேட்டபோது என்ன செய்தார்கள், யார் சயாமுக்குப் போனார்கள் எனக் கேட்டுப் பெயர், இடம், ஆண்டு ஆகியவற்றோடு எழுதி வையுங்கள். பள்ளிகள் அவற்றைத் தொகுத்து நூலகத்தில் வைக்கலாம். இரப்பர் தோட்டங்கள் செம்பனைத் தோட்டங்களாகின. தோட்ட மக்கள் நகரங்களுக்குக் குடிபெயர்ந்தனர். இடங்கள் மாறுவதை நம்மால் தடுக்க இயலாது; அவற்றின் கதைகள் மறைந்துபோகாமல் காக்க இயலும்.