"பழகிக்கொள்ளுங்கள்" என்பதன் மறுபாதி

காது, மூக்கு, தொண்டை மருத்துவரின் அறையில் ஒரு பேச்சு நாள்தோறும் நிகழ்கிறது. "பரிசோதனையில் பயப்படும்படி ஒன்றும் இல்லை. இந்தச் சத்தத்துக்கு மருந்து கிடையாது. பழகிக்கொள்ளுங்கள்." சொல்பவர் பொய் சொல்லவில்லை. டின்னிடஸ் எனப்படும் காதிரைச்சலைப் பொறுத்தவரை இம்மூன்று வாக்கியங்களும் பெரும்பாலும் உண்மையே. ஆயினும் கேட்டவர் வெளியே வரும்போது கையில் இருப்பது பாதி உண்மைதான். எப்படிப் பழகிக்கொள்வது என்னும் மறுபாதியை அவருக்கு எவரும் சொல்வதில்லை. அந்த மறுபாதி வெறும் ஆறுதல் மொழி அன்று. நாற்பது ஆண்டுகளாக ஆராயப்பட்டு, படிப்படியாகக் கற்பிக்கத்தக்க வடிவம் பெற்றுவிட்ட ஒரு சிகிச்சை. அச்சிகிச்சை உளவியலைச் சேர்ந்தது என்பதே இந்தியாவில் அது நோயாளியைச் சென்றடையாமைக்கு முதற்காரணமாக இருக்கிறது.

வெளியே ஒலி எழுப்பும் பொருள் ஏதும் இல்லாதபோதும் காதிலோ தலைக்குள்ளோ ஒலி கேட்பதே காதிரைச்சல். சிலருக்கு அது சில்வண்டின் ரீங்காரம்; சிலருக்குக் குக்கர் விசில்; சிலருக்கு ஓயாத கடலோசை. 2022இல் 'ஜாமா நியூராலஜி' இதழில் வெளிவந்த உலகளாவிய மதிப்பாய்வு, வயது வந்தோரில் ஏறத்தாழ 14 விழுக்காட்டினருக்கு இவ்வனுபவம் உண்டு என்றும், கடுமையான வடிவில் அவதிப்படுவோர் ஏறத்தாழ 2 விழுக்காட்டினர் என்றும் மதிப்பிட்டது. சிந்திக்க வேண்டியது இவ்விரு எண்களுக்கும் இடையிலுள்ள தொலைவைப் பற்றியே. ஒலியைக் கேட்கும் பெரும்பாலோர் அதனோடு இயல்பாக வாழ்கின்றனர். ஒரு சிலரது உறக்கத்தையும் வேலையையும் நிம்மதியையும் மட்டும் அது பறித்துக்கொள்கிறது. ஏன்?

அவர்களுக்குக் கேட்கும் ஒலி உரத்தது என்பதே எவருக்கும் முதலில் தோன்றும் விடை. அளந்து பார்த்தவர்கள் அவ்வாறு கண்டிலர். வெளியிலிருந்து ஓர் ஒலியைக் கொடுத்து, நோயாளி கேட்கும் இரைச்சலோடு அதைப் பொருத்திப் பார்த்தால், அவ்விரைச்சல் பெரும்பாலும் அவரது கேட்கும் எல்லைக்குச் சில டெசிபல்களே மேலே நிற்கிறது. அந்த அளவுக்கும் அவர் படும் துன்பத்துக்கும் உள்ள தொடர்போ மிகவும் தளர்வானது. மெல்லிய ஒலி ஒருவரை நிலைகுலையச் செய்கிறது. உரத்த ஒலியோடு இன்னொருவர் நிம்மதியாக உறங்குகிறார். 1953இல் ஹெல்லர், பெர்க்மன் என்னும் இரு ஆய்வாளர்கள், செவித்திறனில் குறையில்லாத 80 பேரை ஒலிபுகா அறையில் தனித்தனியே அமர்த்தி, என்ன கேட்கிறது என்று கேட்டனர். 94 விழுக்காட்டினர் ஏதோவோர் ஒலி கேட்பதாகச் சொன்னார்கள். முழு அமைதியில் உள்ளொலி கேட்பது ஏறக்குறைய மனித இயல்பு. ஆகவே ஒலி இருக்கிறதா என்பதைக் காட்டிலும், அது கவனத்தின் எந்த இடத்தில் வந்து அமர்கிறது என்பதே கருதத்தக்கது.

உடலியலும் இதற்கு மாறாக நிற்கவில்லை. முதுமையாலோ பேரிரைச்சலாலோ உட்செவியின் மயிர்ச்செல்கள் சேதமுறும்போது மூளைக்கு வரும் ஒலிச்செய்தி குறைகிறது. குறைந்ததை ஈடுகட்ட மூளை தன் உணர்திறனைக் கூட்டிக்கொள்கிறது. வானொலியில் நிலையம் கிடைக்காதபோது ஒலியளவைக் கூட்டினால் இரைச்சலே பெருகுவது போன்றது இது. செவி நரம்பை அறுவையின்போது துண்டித்த பின்னும் பலருக்கு ஒலி நின்றபாடில்லை என்பது, கோளாறு காதில் தொடங்கினாலும் அது நிலைபெறுவது மூளையில் என்பதைக் காட்டிற்று. 1984இல் ஹாலம், ராக்மன், ஹின்ச்கிளிஃப் ஆகியோர் இதை உளவியல் நோக்கில் விளக்கினர். பொருளற்ற, மாறாத ஒலிக்கு மூளை பழகிப்போவதே இயல்பு. அச்சமும் விழிப்பும் அவ்வியல்பைத் தடுக்கும்போதுதான் துன்பம் நிலைக்கிறது என்பது அவர்களது கருத்து. ஒலியை ஆபத்தின் அறிகுறியாக மூளை முத்திரையிட்டுவிட்டால், உணர்ச்சி மையங்களும் தன்னியக்க நரம்பு மண்டலமும் அதற்குக் காவல் நிற்கத் தொடங்குகின்றன என்று 1990இல் யாஸ்ட்ரெபாஃப் நரம்பியல் நோக்கில் விளக்கினார். காவலிருப்பவனுக்கு உறக்கம் வராது. உறக்கமற்றவனுக்கு ஒலி இன்னும் பெரிதாகக் கேட்கும்.

இந்த வளையத்தை அறுப்பதே உளவியல் சிகிச்சையின் வேலை. ஆனால் உளவியலாளரைப் பாருங்கள் என்று சொன்னவுடன், "எனக்குப் பைத்தியம் என்கிறீர்களா?" என்றோ, "எல்லாம் என் கற்பனை என்கிறீர்களா?" என்றோ நோயாளி கேட்பது இயற்கை. அவரது சினத்தில் நியாயம் உண்டு. மருத்துவர்கள் பலர், வேறு விளக்கம் கிடைக்காதபோது நோயைத் தள்ளிவைக்கவே 'மனம்' என்ற சொல்லைப் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள். காதிரைச்சலுக்கான உளவியல் சிகிச்சையோ அதற்கு நேர் எதிரான இடத்திலிருந்து தொடங்குகிறது. ஒலி உண்மையானது, நோயாளி அதைக் கேட்கிறார், அது கற்பனை அன்று. ஒலியை நீக்க இன்று வழியில்லை. ஒலிக்கும் அவருக்கும் இடையிலான உறவை மாற்ற வழியுண்டு. நீரிழிவுக்கு உணவுப் பழக்கத்தை மாற்றச் சொல்வதால் நீரிழிவு கற்பனை ஆகிவிடுவதில்லை.

இச்சிகிச்சைகளுள் மிகுதியாகச் சோதிக்கப்பட்டது சிபிடி எனப்படும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. அதன் நடைமுறையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஆய்வேட்டின் இறுதி ஆண்டில் இருக்கும் ஒரு மாணவியை எண்ணிப் பார்க்கலாம். நள்ளிரவில் மின்வெட்டு, விடுதி அறையின் விசிறி நிற்கிறது, அதுவரை அமுங்கியிருந்த கீச்சொலி சட்டென்று மேலெழுகிறது. 'இது நிற்கவே நிற்காது, இனி ஒரு பக்கம்கூட எழுத முடியாது' என்ற எண்ணம் அவள் அறியாமலே வந்துவிடுகிறது. நெஞ்சு படபடக்கிறது. ஒலி கூடியிருக்கிறதா என்று கூர்ந்து கேட்கிறாள், கூடியிருப்பதாகவே தோன்றுகிறது. மறுநாள் அமைதியான நூலகத்தைத் தவிர்க்கிறாள். பிறகு கருத்தரங்கையும் தவிர்க்கிறாள். இரவுகளை இணையத்தில் தீர்வு தேடிக் கழிக்கிறாள்.

சிகிச்சையாளர் முதலில் இச்சங்கிலியைக் கண்ணி கண்ணியாகத் தாளில் எழுதச் செய்கிறார். 'ஒரு பக்கம்கூட எழுத முடியாது' என்பது உண்மையா என்று அவளது சொந்த நாட்குறிப்பைக் கொண்டே சோதிக்கச் சொல்கிறார். ஒலி கேட்டுக்கொண்டிருந்த நாள்களிலும் சில பக்கங்கள் எழுதப்பட்டிருப்பது அதில் தெரியவரும். மணிக்கொருமுறை ஒலியைச் சரிபார்க்கும் பழக்கத்தைச் சிறிது சிறிதாகக் குறைக்கச் செய்கிறார். தவிர்த்த இடங்களுக்கு, அஞ்சிய அமைதிக்கு, அளவாகத் திரும்பிப் போகச் சொல்கிறார். உறக்கம் வராதபோது படுக்கையில் புரண்டுகொண்டிராமல் எழுந்துவிடுதல், நாள்தோறும் ஒரே நேரத்தில் விழித்தல் முதலிய உறக்க ஒழுங்குகளும் தசைத் தளர்வுப் பயிற்சியும் உடன் சேர்கின்றன. மனக்கவனம் சார்ந்த சிகிச்சையில், ஒலியோடு மல்லுக்கட்டாமல் அதை வந்துபோகும் ஓர் உணர்வாகக் கவனித்திருக்கப் பயிற்சி தரப்படுகிறது. லண்டனில் 75 நோயாளிகளிடம் மெக்கென்னாவும் உடனுழைப்பாளர்களும் நடத்தி 2017இல் வெளியிட்ட ஆய்வில், இப்பயிற்சி தளர்வுப் பயிற்சியை விட மிகுந்த பயன் தந்தது. இவற்றுள் எதிலும் மந்திரம் இல்லை. மிதிவண்டி கற்பது போன்ற உழைப்பே இருக்கிறது.

சான்றுகளையும் அவற்றின் எல்லைகளையும் சேர்த்தே சொல்வது நேர்மை. நெதர்லாந்தில் 492 நோயாளிகளைக் கொண்டு சீமாவும் உடனுழைப்பாளர்களும் நடத்தி 2012இல் 'லான்செட்' இதழில் வெளியிட்ட ஆய்வில், சிபிடியை மையமாகக் கொண்ட படிநிலைச் சிகிச்சை பெற்றோர், வழக்கமான சிகிச்சை பெற்றோரை விட 12ஆம் மாத அளவீட்டில் மேம்பட்டிருந்தனர். 28 ஆய்வுகளையும் 2,733 பங்கேற்பாளர்களையும் தொகுத்த 2020ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பாய்வு, காதிரைச்சல் வாழ்க்கைத் தரத்தைப் பாதிக்கும் அளவைச் சிபிடி குறைக்கக்கூடும் என்று முடிவுசெய்தது. சிகிச்சை முடிந்து ஆறு மாதமோ ஓராண்டோ கழிந்த பின் அப்பயன் நிலைக்கிறதா என்பதற்குப் போதிய சான்று இல்லை என்றும் அதே மதிப்பாய்வு எழுதியது. தொகுக்கப்பட்ட ஆய்வுகள் பெரும்பாலும் ஐரோப்பாவில் நடந்தவை. ஒலியின் அளவைக் குறைப்பதாக இச்சிகிச்சை உறுதி தருவதில்லை; அவ்வாறு உறுதி தருபவரை ஐயுறுவதே நன்று.

சான்று இவ்வளவே என்றாலும், மருந்துகளின் பக்கம் இவ்வளவும் இல்லை. அமெரிக்கக் காது, மூக்கு, தொண்டை மருத்துவர் அமைப்பின் 2014ஆம் ஆண்டு நெறிமுறை, தொடர்ந்து தொல்லை தரும் காதிரைச்சலுக்குச் சிபிடியைப் பரிந்துரைத்தது. ஜிங்கோ பிலோபா, மெலடோனின், துத்தநாகம் முதலியவற்றைப் பரிந்துரைக்க வேண்டாம் என்றும், மனச்சோர்வு மருந்துகளை இதற்கென வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்றும் அது கூறியது. பிரிட்டனின் நைஸ் நெறிமுறை, காதிரைச்சலுக்கு மட்டுமாக பீட்டாஹிஸ்டின் தர வேண்டாம் என்று 2020இல் தெளிவாகச் சொன்னது. இந்திய மருந்துச் சீட்டுகளிலோ இப்பெயர்கள் இன்றும் தொடர்கின்றன. மாதக்கணக்கில் மாத்திரைக்குப் பணம் செலவழிக்கும் குடும்பத்துக்கு, அதே பணத்தில் எட்டுப் பத்து அமர்வுகள் பெறலாம் என்ற செய்தி எட்டுவதே இல்லை.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. உளவியல் சிகிச்சை மருத்துவப் பரிசோதனைக்கு மாற்று ஆகாது. ஒரு காதில் மட்டும் ஒலி கேட்பது, நாடித்துடிப்போடு சேர்ந்து ஒலிப்பது, தலைச்சுற்றலோ முகத்தசைத் தளர்வோ உடன் வருவது ஆகியவை உடனே ஆராயப்பட வேண்டியவை. திடீரெனக் கேட்கும் திறன் குறைவது அவசரநிலை. அதற்கான சிகிச்சை நாள்கணக்கில் தொடங்கப்பட வேண்டும். செவித்திறன் குறைந்தவருக்குக் காது கேட்கும் கருவியே இரைச்சலின் தொல்லையையும் குறைக்கக்கூடும். இவை முடிந்த பிறகு வரும் 'பழகிக்கொள்ளுங்கள்' என்ற சொல்லைப் பற்றியதே இங்கு வாதம்.

அந்தச் சொல்லுக்குப் பின்னால் இந்தியாவில் ஓர் அமைப்பு இல்லை. வேடிக்கை என்னவெனில், அதற்கு வேண்டிய உறுப்புகள் எல்லாம் இருக்கின்றன. 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவேட்டில் கேட்பியல் வல்லுநர்களும் மருத்துவ உளவியலாளர்களும் இடம்பெற்றனர். ஒரே கவுன்சிலின் பதிவேட்டில் இருந்தவர்கள் ஒரே நோயாளியின் முன் சேர்ந்து அமர்வது அரிது. மைசூரில் பேச்சு, கேட்பியலுக்கெனத் தேசிய நிறுவனம் இருக்கிறது; பெங்களூரில் மனநலத்துக்கெனத் தேசிய நிறுவனம் இருக்கிறது. மாவட்டங்களில் காது கேளாமைத் தடுப்புத் திட்டம் ஒரு கதவு. 1996இல் தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டம் மற்றொரு கதவு. காதிரைச்சல் உள்ளவர் முதற்கதவில், செவிட்டுத்தன்மை இல்லை என்று திருப்பி அனுப்பப்படுகிறார். இரண்டாம் கதவை, தமக்கு மனநோய் இல்லை என்று தாமே தட்டாமல் விடுகிறார்.

உளவியலாளர் போதாத நாட்டில் இதற்கு வழி ஏது என்ற கேள்வி நியாயமானது. அதற்கு மூன்று விடைகள் உண்டு. முதலாவது, எல்லா நோயாளிக்கும் உளவியலாளர் தேவையில்லை. நெதர்லாந்து ஆய்வின் படிநிலை முறையில், பலருக்கு முதற்படியான விளக்கமும் ஆலோசனையுமே போதுமானவையாக இருந்தன. அப்படியைக் கேட்பியல் வல்லுநர்களே ஏற்கலாம். அதற்கு அவர்களது பாடத்திட்டத்தில் ஆலோசனைத் திறனுக்கு உரிய இடம் வேண்டும். இரண்டாவது, இணையவழிச் சிபிடி இதில் புதியதன்று. சுவீடனில் ஆண்டர்சனும் குழுவினரும் அதன் முதல் ஆய்வை 2002இலேயே வெளியிட்டுவிட்டனர். கைப்பேசி எட்டிய ஊருக்கெல்லாம் அது எட்டக்கூடும். மூன்றாவது விடை பல்கலைக்கழகங்களைச் சார்ந்தது. ஐரோப்பியச் சான்று இந்தியருக்குப் பொருந்துமா என்பதை இந்திய ஆய்வே சொல்ல முடியும். துன்பத்தை அளக்கும் வினாநிரலை மொழிபெயர்ப்பதோடு அது முடிந்துவிடாது. தமிழிலோ வங்காளியிலோ ஒருவர் தம் ஒலியை எப்படி விவரிக்கிறார், கூட்டுக்குடும்பத்தின் ஒற்றை அறையில் உறக்கப் பயிற்சி எப்படி அமையும், காதில் கேட்கும் ஒலியைத் தெய்வ வாக்காகவோ செய்வினையாகவோ கருதுபவரிடம் எங்கிருந்து பேசத் தொடங்குவது என்பவை உளவியலும் கேட்பியலும் மானிடவியலும் சேர்ந்து எழுத வேண்டிய ஆய்வேடுகள். சுசுருத சம்ஹிதை கர்ணநாதம் என்று பெயரிட்டுச் செவிநோய்களுள் வைத்த ஒன்றை, இன்றைய துறைகள் தத்தம் எல்லைக்கு வெளியே வைத்திருப்பது முரண்.

இந்நோயில் தனிமை பெரிது. காயம் தெரியாது; ஸ்கேனில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது; பக்கத்தில் படுத்திருப்பவருக்கும் ஒலி கேட்காது. நம்பிக்கை இழந்து உயிரை வெறுக்கும் நிலைக்குச் செல்வோரும் உண்டு. அத்தகையோர் 2022இல் தொடங்கப்பட்ட டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் அழைக்கலாம். ஆனால் அந்த விளிம்புக்கு வந்த பின்னரே மனநலத் துறையின் கதவு திறக்க வேண்டும் என்பதில்லை. பழகிக்கொள்ளுங்கள் என்று சொல்லும் மருத்துவர், அதே மருந்துச் சீட்டில், பழகக் கற்றுத்தருபவரின் பெயரையும் எழுதித் தர வேண்டும். அப்படி எழுத ஒரு பெயர் மாவட்டந்தோறும் இருக்கச் செய்வது பல்கலைக்கழகங்களின் பொறுப்பு, அரசின் பொறுப்பு.