அஞ்சு சென்டிமீட்டர்தானேன்னு விட முடியுமா?

2000 செப்டம்பர், சிட்னி ஒலிம்பிக்ஸ். பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸ் ஆல்-அரவுண்ட் இறுதிப்போட்டி. வால்ட் பண்ண வந்தவங்க மாத்தி மாத்தி தடுமாறினாங்க. தங்கம் வாங்குவாங்கன்னு எல்லாரும் நினைச்ச ரஷ்யாவின் ஸ்வெத்லானா கோர்கினாவே முழங்கால்ல போய் விழுந்தாங்க. கடைசியில் ஆஸ்திரேலியாவின் அலானா ஸ்லேட்டர்தான் உயரத்துல ஏதோ தப்புன்னு சொன்னாங்க. அளந்து பார்த்தா, 125 செ.மீ. இருக்க வேண்டியது 120 செ.மீ. இருக்கு!

விரும்பினவங்க மறுபடி குதிக்கலாம்னு சொன்னாங்க. ஆனா கோர்கினா அதுக்குள்ள அடுத்த சுற்றில், பார்ஸ்லயும் விழுந்திருந்தாங்க. அந்த மதிப்பெண்ணை யார் திருப்பித் தருவாங்க?

இது பதக்கத்தோட போச்சு. 1988-ல் ஜப்பானில் அமெரிக்கச் சிறுமி ஜூலிஸா கோமஸுக்கு உயிரே போச்சு. யுர்சென்கோ வால்ட் குதிக்கும்போது ஸ்பிரிங்போர்டில் கால் வழுக்கி, தலை குதிரையில் மோதியது. உடம்பு செயலிழந்து, 1991-ல் இறந்தாங்க. ஸ்பிரிங்போர்டைச் சுத்தி பாதுகாப்பு மெத்தை கட்டாயம்னு ஆனது அதுக்கப்புறம்தான். அகலமான வால்டிங் டேபிள் வந்தது 2001-ல்.

நம்ம ஊர்க் கதையும் இருக்கு. அகர்தலாவின் தீபா கர்மாகர், 2016 ரியோவில் 0.150 புள்ளியில் வெண்கலத்தைத் தவற விட்டாங்க. பழைய ஸ்கூட்டர் பாகங்களை வெச்சு செஞ்ச சாதனத்தில் பயிற்சியை ஆரம்பிச்சவங்கன்னு பத்திரிகைகள் உருகி உருகி எழுதின. தீபாவோட உழைப்புக்கு ஒரு கும்பிடு. ஆனா அந்த ஸ்கூட்டர் கதை பெருமைப்பட வேண்டியது இல்லைங்க, வெட்கப்பட வேண்டியது. ஒரு தீபா தப்பிச்சு மேலே வந்தா, அப்படிப்பட்ட சாதனத்தில் அடிபட்டு வீட்டோட முடங்கின குழந்தைகள் எத்தனைன்னு யாராவது கணக்கு வெச்சிருக்காங்களா?

எங்க பேங்கிலும் 'வால்ட்' உண்டு. அதைத் திறக்க ரெண்டு சாவி, ரெண்டு ஆள் வேணும். யார் மேலயும் சந்தேகம் இல்லை, மனுஷன்னா மறப்பான், அவ்வளவுதான். ரூபாய் நோட்டுக்கே இவ்வளவு காவல். குழந்தை தலைகீழா பறக்கிற இடத்தில் டேப் பிடிச்சு அளக்க ஒருத்தர், சரிபார்க்க இன்னொருத்தர் வேண்டாமா?

வெளியூர்ல நாமெல்லாம் கோச்சிங் சேர்க்கும்போது ஃபீஸ் கேட்போம், வேன் வருமான்னு கேட்போம். இனிமே மெத்தைகளுக்கு நடுவுல இடைவெளி இருக்கா, சாதனங்களை தினமும் யார் பார்க்கறாங்கன்னும் கேளுங்க. பதில் சொல்லத் தயங்கினா, நடையைக் கட்டுங்க. வேற இடம் பார்த்துக்கலாம்.