இடம் மாறுமுன் உணவு

அமெரிக்காவில் பணிபுரியும் மகனையோ மகளையோ காணப் புறப்படும் பெற்றோர் பலர், பயணத்துக்கு முன் மருத்துவரைச் சந்திக்கத் தவறுவதில்லை. மாதக்கணக்கில் மருந்துகளைச் சேர்த்து வாங்கிக்கொள்கின்றனர். இன்சுலினை விமானத்தில் எடுத்துச் செல்லக் கடிதம் பெறுகின்றனர். நீண்ட நேரம் அமர்ந்திருந்தால் கால் வீங்குமா என்று வினவுகின்றனர். இவ்வளவு முன்னெச்சரிக்கை கொண்ட குடும்பங்களும், அங்குச் சென்று சேர்ந்தபின் வரும் ஒரு நாளைப் பற்றி எதுவும் கேட்பதில்லை. பேரப்பிள்ளைகளுடன் புளோரிடா மாநிலத்து ஆர்லாண்டோவில், ஒரே நாளில் இரண்டு கேளிக்கைப் பூங்காக்களைப் பார்க்கும் நாள் அது. நோயாளருக்கு விமானப் பயணத்தைவிட அந்த நாளே கடினமானது என்பது என் கருத்து. அதன் கடினம் நடையிலும் வெயிலிலும் இருப்பதைவிட உணவு நேரத்திலேயே மிகுதியாக இருக்கிறது.

ஆர்லாண்டோவுக்கு அருகிலுள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்டு ஏறக்குறைய 100 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. 1971இல் திறக்கப்பட்ட மேஜிக் கிங்டம், 1982இல் வந்த எப்காட், 1989இல் தொடங்கிய ஹாலிவுட் ஸ்டூடியோஸ், 1998இல் திறந்த அனிமல் கிங்டம் என நான்கு பெரும் பூங்காக்கள் அங்கே ஒன்றுக்கொன்று தொலைவில் அமைந்துள்ளன. ‘பார்க் ஹாப்பர்’ என்னும் நுழைவுச்சீட்டைப் பெற்றவர்கள் ஒரே நாளில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லலாம். முன்பு இதற்குப் பிற்பகல் இரண்டு மணி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2024 ஜனவரி முதல் அந்தக் கட்டுப்பாடும் நீங்கிவிட்டது. கூடுதல் பணம் கொடுத்து வாங்கிய சீட்டு என்பதால், இரண்டு பூங்காக்களையேனும் பார்த்துவிட வேண்டும் என்ற எண்ணம் குடும்பத்தில் எழுவது இயல்பே.

அந்த எண்ணத்தோடு பிறக்கும் ஒரு வாக்கியம்தான் எனக்கு அச்சம் தருகிறது. “அடுத்த பூங்காவுக்குப் போய்ச் சாப்பிட்டுக்கொள்ளலாம்” என்பதே அது. உடல்நலம் உள்ளவர்க்கு அது ஒரு மணி நேரப் பசி. சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போட்டுக்கொள்பவர்க்கோ, கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளை உட்கொள்பவர்க்கோ அது ஆபத்து. காலையில் உட்கொண்ட மருந்து, நாம் உண்டோமா இல்லையா என்று பார்ப்பதில்லை. தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். நெடுந்தூர நடை இரத்தச் சர்க்கரையை மேலும் குறைக்கும். வெயிலில் தோலடி இரத்த ஓட்டம் பெருகுவதால், ஊசியில் செலுத்திய இன்சுலின் வழக்கத்தைவிட விரைவாக உடலில் சேரவும் கூடும். மருந்து, நடை, வெயில் மூன்றும் ஒரே திசையில் இழுக்கும்போது, எதிர்த்திசையில் நிற்க உணவு ஒன்றுதான் உண்டு. அதையும் தள்ளிப்போட்டால் தாழ்சர்க்கரை நிலை வருவதில் வியப்பில்லை.

அந்நிலையின் அறிகுறிகள் வியர்வை, நடுக்கம், படபடப்பு, சோர்வு, எரிச்சல், தடுமாற்றம் ஆகியன. கோடைக்காலப் புளோரிடாவில் பகல் வெப்பம் 32 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். காற்றில் ஈரமும் மிகுதி. அங்கே எல்லோருக்கும் வியர்க்கிறது, எல்லோரும் சோர்கின்றனர், வரிசையில் நிற்கும் எவருக்கும் எரிச்சல் வருகிறது. ஆகவே தாத்தாவுக்கு வருவது புழுக்கத்தின் வியர்வையா, சர்க்கரை குறைந்ததன் வியர்வையா என்று பார்ப்பவர்க்கும் தெரிவதில்லை. பல வேளைகளில் அவருக்கே தெரிவதில்லை. இதய நோய்க்காகச் சிலர் உட்கொள்ளும் பீட்டா தடுப்பு மருந்துகள், படபடப்பையும் நடுக்கத்தையும் மறைத்துவிடவும் கூடும். ஐயம் எழுந்தால் சர்க்கரைமானியில் பார்ப்பதே வழி. ஆகவே அக்கருவி அறையில் இருந்து பயனில்லை. கைப்பையில் இருக்க வேண்டும்.

இனி, பூங்கா மாறுவதற்கு உண்மையில் எவ்வளவு நேரம் ஆகிறது என்பதை எண்ணிப் பாருங்கள். மேஜிக் கிங்டமிலிருந்து எப்காட்டுக்கு மோனோரயில் செல்கிறது. ஆனால் இடையில் இறங்கி வேறு வண்டி மாற வேண்டும். எப்காட்டுக்கும் ஹாலிவுட் ஸ்டூடியோஸுக்கும் இடையே 2019 முதல் ஸ்கைலைனர் என்னும் கம்பிவடப் பெட்டிகள் இயங்குகின்றன. இடியும் மின்னலும் வந்தால் அவை நிறுத்தப்படும். அனிமல் கிங்டமுக்குப் பேருந்து அல்லது கார். இவற்றோடு வாசல் வரை நடை, வண்டிக்குக் காத்திருப்பு, அடுத்த வாசலில் பைகளைச் சோதிக்கும் வரிசை, உள்ளே உணவகம் வரை மீண்டும் நடை. எப்காட்டில் பதினொரு நாடுகளின் கூடங்கள் சூழ்ந்த ஏரியை ஒருமுறை சுற்றினாலே ஏறக்குறைய 2 கிலோமீட்டர். ஒரு மணி நேரத்தில் முடியும் என்று எண்ணியது ஒன்றரை மணி நேரமாவதற்கு யாரும் தவறு செய்ய வேண்டியதில்லை. ஒரு மழை போதும்.

ஆகவே நான் வற்புறுத்த விரும்புவது ஒன்றுதான்: இடம் மாறுமுன் உணவு. முதல் பூங்காவிலேயே மதிய உணவை அமர்ந்து உண்டு முடித்துவிட்டு, அதன்பின் புறப்படுங்கள். பயணத்துக்குரிய அந்த ஒரு மணி நேரம் வயிறு நிறைந்த நேரமாக இருக்கட்டும். வண்டி தாமதித்தால் சலிப்பு மட்டுமே மிஞ்சும். உயிருக்கு ஊறு நேராது.

“உணவகத்தில் முன்பதிவு செய்திருக்கிறோமே” என்று சிலர் கூறுவர். மேசையில் அமர்ந்து உண்ணும் உணவகங்களில் 60 நாட்களுக்கு முன்பே பதிவு செய்ய முடிகிறது; நற்பெயர் பெற்றவை விரைவில் நிரம்பிவிடுகின்றன. ஆனால் ஒரு மணிக்கு முன்பதிவு என்பதற்கு ஒரு மணிக்கு உணவு என்று பொருளன்று. பெயரைச் சொல்லிக் காத்திருந்து, மேசை கிடைத்து, உணவைத் தெரிவுசெய்து, அது தட்டில் வந்து சேர மேலும் அரைமணி நேரமோ முக்கால் மணி நேரமோ ஆகலாம். எனவே வழக்கமான உணவு நேரத்துக்கு அரைமணி முன்னதாகவே பதிவு செய்யுங்கள். விரைந்து செயல்படும் இன்சுலினை, மேசையில் அமர்ந்தவுடன் பழக்கத்தால் போட்டுக்கொள்ளாதீர்கள். தட்டு கண்முன் வரும்வரை பொறுத்திருக்கலாமா என்பதை உங்கள் மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுவையுங்கள். இருவேறு பூங்காக்களில் இரண்டு முன்பதிவுகளை அடுத்தடுத்து வைப்பதையும் தவிர்க்கலாம். ஒன்று தாமதித்தால் மற்றொன்றுக்காக ஓட நேரும். இப்போதைய விதிப்படி, இரண்டு மணி நேரத்துக்கு முன்பே ரத்து செய்தால் பெரும்பாலான உணவகங்களில் கட்டணம் இல்லை. தவறினால் ஆளுக்குப் பத்து டாலர் பிடிப்பர். பத்து டாலரை இழந்துவிடக்கூடாது என்று நோயாளரைப் பசியோடு ஓடவைப்பது எவ்வகையிலும் சிக்கனமாகாது.

நோயாளர் உடன்வரும் நாளில், மேசை உணவகங்களைவிட விரைவு உணவகங்களே ஏற்றவை என்பது என் எண்ணம். பூங்காவின் செயலியில் உணவைத் தெரிவுசெய்து, எத்தனை மணிக்கு வேண்டும் என்றும் குறிப்பிடலாம். உணவுப் பட்டியல்கள் முன்பே செயலியில் கிடைப்பதால், முதல்நாள் இரவே பேரன் பேத்தியோடு அமர்ந்து, என்ன உண்பது என்று முடிவு செய்துகொள்ளலாம். அனிமல் கிங்டமில் உள்ள சதுலி கேண்டீனில், அடித்தளமாக வைக்கும் தானியம் அல்லது கீரை, மேலே வைக்கும் புரதம், குழம்பு ஆகியவற்றை நாமே தேர்ந்து ஒரு கிண்ணமாகப் பெறலாம். அளவும் கலவையும் நம் கையில் இருப்பதால் சர்க்கரை நோயாளருக்கு இவ்வகை உணவகம் உதவும். நம்மவரை ஈர்க்கும் மற்றோர் இடம், இந்திய முறை ரொட்டிகளும் சட்னிகளும் கிடைக்கும் சனா. ஆனால் அது அனிமல் கிங்டம் லாட்ஜ் என்னும் விடுதியில், பூங்காவுக்கு வெளியே உள்ளது. அங்குச் செல்வது மேலும் ஓர் இடமாற்றம் என்பதை மறந்து, இரண்டு பூங்காக்களுக்கு நடுவில் அதையும் நுழைக்க வேண்டாம்; வேறொரு நாளில் அதற்கென்றே செல்லலாம்.

எந்த உணவகமும் நேரம் தவறக்கூடும். பையில் உள்ள உணவு தவறாது. வெளியிலிருந்து உணவு கொண்டுவர டிஸ்னி பூங்காக்கள் அனுமதிக்கின்றன. கண்ணாடிப் பாத்திரங்களையும் மதுவையும் தவிர்க்க வேண்டும். மூன்று சப்பாத்தி, ஒரு கைப்பிடி சுண்டல், ஓர் ஆப்பிள், சில பிஸ்கட்டுகள் போதும். குடும்பத்தின் பெரிய பையில் வைக்காமல் நோயாளரின் சிறு பையில் வையுங்கள். பிள்ளைகளோடு பெரிய பையும் ஏதோ ஒரு சவாரிக்குப் போய்விடும். காரில் வைத்துக்கொள்ளலாம் என்றும் எண்ண வேண்டாம். மேஜிக் கிங்டமுக்குக் காரில் வருவோர் வண்டியை நிறுத்துமிடம் ஏரிக்கு அப்பால் இருக்கிறது. அங்கிருந்து படகிலோ மோனோரயிலிலோதான் பூங்காவை அடைய வேண்டும். தவிர, வெயிலில் நிற்கும் காரில் வைத்த இன்சுலின் கெட்டுவிடும். ஒவ்வொரு பூங்காவிலும் முதலுதவி நிலையம் உண்டு. குளிரில் வைக்கவேண்டிய மருந்துக்கும், சற்றே ஓய்வெடுப்பதற்கும் அங்கே உதவி கேட்கலாம். விரைவு உணவகங்களில் குடிக்கக் குளிர்ந்த நீர் இலவசமாகவே தருகின்றனர்.

சர்க்கரை டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் 15 கிராம் மாவுச்சத்து உடனே வேண்டும். மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையோ, 120 மில்லிலிட்டர் பழச்சாறோ அதற்குப் போதும்; ‘டயட்’ என்று எழுதிய குளிர்பானம் பயன்படாது. பதினைந்து நிமிடம் கழித்து மீண்டும் பார்த்து, ஏறவில்லையெனில் மறுமுறை கொடுங்கள். சீரானபின் முறையான உணவு தரவேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊட்டாதீர்கள். அங்குள்ள பணியாளரை அழையுங்கள், 911 எண்ணுக்கும் தெரிவியுங்கள். பகலெல்லாம் நடந்ததன் விளைவாக இரவிலும் சர்க்கரை குறையக்கூடும். படுக்குமுன் ஒருமுறை பார்ப்பது நலம்.

இதயம் தளர்ந்தவர்க்கும் சிறுநீரக நோயாளருக்கும் சிக்கல் வேறுவகையானது. அவர்களுக்கு உணவு தாமதிப்பதைவிட, பசி முற்றியபின் கையில் கிடைத்ததை உண்பதே தீங்கு. சூப், வறுத்த உருளைக்கிழங்கு, பதப்படுத்திய இறைச்சி ஆகியவற்றில் உப்பு மிகுதி. உப்பு தாகத்தை வளர்க்கும். தாகம், மருத்துவர் வகுத்த நீரளவை மீறச் செய்யும். குழம்பையும் உப்பையும் தனியே தரும்படி கேளுங்கள். வெயில் நாளில் நீரளவை எவ்வாறு கொள்வது என்பதைப் புறப்படுமுன் உங்கள் மருத்துவரிடமே கேட்டு அறியுங்கள். இதில் பொதுவான விதி எதுவும் பொருந்தாது.

“ஒருவருக்காகப் பிள்ளைகளின் நாள் முழுவதையும் மணிக்கணக்கில் கட்டிப்போடுவதா?” என்று கேட்கப்படலாம். கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால் பிள்ளைகளுக்கும் பசிக்கிறது. ஒரு மணிக்கு உண்ணாத குழந்தை இரண்டு மணிக்கு அழுகிறது. பன்னிரண்டரை மணிக்கு எல்லோரும் நிழலில் அமர்ந்து உண்பதால் ஒரு சவாரி குறையலாம். மாலையில் அனைவரிடமும் மிஞ்சும் தெம்பு அதை ஈடுசெய்யும். உணவு நேரங்களை முதலில் குறித்துவிட்டுச் சவாரிகளை அவற்றின் இடையே நிரப்புவது எல்லோருக்கும் நன்மையே.

நான் கண்டவரையில், இதற்குப் பெருந்தடையாக இருப்பவர்கள் பிள்ளைகள் அல்லர், நோயாளர்களே. “என்னால் உங்களுக்குத் தொல்லை வேண்டாம்” என்று எண்ணிப் பசியை மறைக்கின்றனர், தலைசுற்றலை மறைக்கின்றனர், மகன் இத்தனை டாலர் செலவிட்டிருக்கிறானே என்று அடுத்த வரிசையிலும் நிற்கின்றனர். அன்பினால் விளையும் இந்த மௌனமே அவர்களை வீழ்த்துகிறது. மாமனார் மருமகளிடமும், தாய் மகனிடமும் “பசிக்கிறது” என்று கேட்க வேண்டிய நிலையே வரக்கூடாது. உணவு நேரம் முன்பே எழுதப்பட்டிருந்தால் யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை, கடிகாரம் கேட்டுக்கொள்ளும். குடும்பத்தினர் நோயாளருக்குச் செய்யக்கூடிய பெரிய மரியாதை இதுவே.

ஒரு நாளுக்கு ஒரு பூங்கா போதும் என்று முடிவெடுத்தால் நான் மகிழ்வேன். இந்தியாவிலிருந்து சென்ற உடல், ஒன்பதரை மணி நேரமோ பத்தரை மணி நேரமோ பின்தங்கிய கடிகாரத்துக்குப் பழகவே சில நாட்கள் ஆகும்; அந்த முதல் வாரத்தில் இரண்டு பூங்காக்கள் வேண்டவே வேண்டாம். ஆயினும் நோயைக் காரணம் காட்டி முதியவரை வீட்டில் விட்டுச்செல்வதை நான் ஏற்கமாட்டேன். இரண்டாவது பூங்காவின் வாணவேடிக்கையைப் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு காண அவருக்கும் உரிமை உண்டு. அந்நேரம் வரை அவர் தெம்போடு இருக்க வேண்டுமெனில், பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே ஒரு தாளில் காலை, முற்பகல், மதியம், மாலை, இரவு என ஐந்து உணவு நேரங்களை எழுதுங்கள். அதை மருத்துவரிடம் காட்டி, மருந்தளவில் மாற்றம் வேண்டுமா என்று கேளுங்கள், நீங்களாக மாற்றாதீர்கள். மதியத்துக்கு எதிரே “இடம் மாறுமுன்” என்று எழுதி அடிக்கோடிடுங்கள். நுழைவுச்சீட்டை அதன்பின் வாங்கலாம்.